பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கையில் இல்லாதோருக்கு

இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் நம்மிடையே பலர். ஹவுகெட்டோவில் படிவம் நிரப்ப உதவி கேட்டு வருவோரிடம் நாங்கள் முதலில் சொல்வது: தொலைந்தது பிரதிதான், மூலப்பதிவு இலங்கையில் இருக்கக்கூடும்.

ஊரிலுள்ள உறவினர் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் புதிய பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கமும் பதிவாளர் பிரிவும் தெரிந்தால் சுலபம். தெரியாவிட்டால் பிறந்த திகதி, இடம், பெற்றோர் பெயர் கொண்டு பதிவேட்டில் தேடுவார்கள். பிறப்பே பதியப்படாதவர்களுக்குக் காலங்கடந்த பதிவு, உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழிகள் உண்டு.

தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் ஊருக்கு ஆள் அனுப்புமுன் சட்டத்தரணியிடம் கேளுங்கள். உறவினருக்கு ஆபத்து வரக்கூடாது.

பாதுகாப்புப் பெற்றவர் தூதரகத்தில் இலங்கைக் கடவுச்சீட்டு எடுப்பது வேறு விடயம். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனப்படி, சொந்த நாட்டின் பாதுகாப்பை விரும்பி மீண்டும் நாடுவோர் அகதி நிலையை இழக்கலாம். அவர்களுக்காகவே அச்சாசனத்தின் 28 ஆம் உறுப்புரை பயணப் பத்திரம் வழங்கச் சொல்கிறது. அதற்கு முன்னோடி, நோர்வேயரான நான்சனின் முயற்சியால் 1922 இல் வந்த 'நான்சன் கடவுச்சீட்டு'.

கடைசியாக, எல்லாப் பத்திரங்களிலும் பெயரின் எழுத்தையும் திகதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் மறைக்காமல் எழுத்தில் விளக்குங்கள். காசு கொடுத்து வாங்கிய பொய்ப் பத்திரம், பல வருடங்களுக்குப் பிறகும் வதிவிட உரிமையைப் பறிக்கலாம்.