தங்கவயலில் எதைப் படமெடுப்பது?



கோலார் தங்கவயலுக்கு இன்று கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் துருப்பிடித்த சுரங்கக் கோபுரத்தையும், வெள்ளைக்காரர்களின் கிளப்பையும், சயனைடு மேட்டையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 2018இல் வெளியான கன்னடப் படத்துக்குப் பிறகு மேட்டுக்கு மவுசு கூடியிருக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசு யார் வீட்டுச் சோற்றில் விழுகிறது என்பது படத்தில் தெரியாது.

நாங்களும் முதலில் அதையேதான் செய்தோம். ஊரின் தெருக்களை ஆவணப்படுத்தப் போனவர்கள், அரை நாளைக் கோபுரத்தடியில் கழித்தோம். லைன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கேட்டார்: "இன்னா தம்பி, அந்த இரும்பையே எடுத்துகினு கீறீங்க? இங்க மனுசங்க இல்லியா?"

இந்தச் சொற்பொழிவு அந்தக் கேள்விக்கான பதில்தான்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. பாறையை உடைக்க ஆள் வேண்டும். வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்தும் சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் நம் மக்கள் வந்தார்கள். பஞ்சமும் பண்ணையாரும் துரத்த, கூலியைக் காசாகத் தரும் இடம் தேடி வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வீடு, வரிசை வரிசையாக. அதனால் 'லைன்'. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் இங்கே வந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான் வந்தது, உண்மை. ஆனால் அது சுரங்கத்துக்காக வந்த மின்சாரம், தட்டி வீட்டுக்காக அல்ல.

கம்பெனிக் காலப் படங்களில் நாங்கள் பார்த்தவற்றில் துரைக்குப் பெயர் இருக்கிறது, இயந்திரத்துக்கும் பெயர் இருக்கிறது. தொழிலாளிக்கு மட்டும் இல்லை. அவர் 'கூலிகள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறார். தொழிலாளியைத் தனித்தனியாகப் பதிவு செய்யக் கம்பெனிக்கு ஆசை வந்தபோது, அது கேட்டது முகத்தை அல்ல, கைரேகையை. 1930இல் அந்தக் கட்டாயப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம்மைக் குற்றவாளியாகப் பார்க்கும் பதிவு எது, மனிதனாகப் பார்க்கும் பதிவு எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சமூகவியல் வகுப்பில் நமக்கு இதைச் சொல்லித்தர இரண்டு பருவம் ஆகிறது.

ஊரின் உண்மையான அடையாளங்கள் வேறு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய இதழ், அவர் 1914இல் மறைந்தபின், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் 'தமிழன்' என்ற பெயரோடு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் கூடின. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே போன சுரங்கம் என்று சாம்பியன் ரீஃபைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஷிஃப்ட் முடிந்து மேலேறி வந்தவன் இதழ் வாசித்தான், வாசிக்கத் தெரியாதவனுக்கு வாசித்துக் காட்டினான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கிளப்பைத் தேடி வருகிறவருக்கு வழி சொல்ல ஆளிருக்கிறது. 'தமிழன்' வெளிவந்த தெருவைக் கேட்டு நாங்கள் மூன்று பேரிடம் விசாரித்தோம். மூன்று பேரும் மூன்று திசையைக் காட்டினார்கள்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதன்பின் ஊரின் பெரிய காட்சி விடியற்கால ரயில் நிலையம்தான். சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அந்த இருட்டில் எங்கள் படங்கள் சரியாக விழவில்லை. பாதி முகங்கள் ஆடிப்போயிருக்கின்றன. அவற்றையும் வைத்திருக்கிறோம்.

பாட்டியின் வீட்டை மறுநாள் எடுத்தோம். மொத்த வீடும் ஒரே சட்டகத்தில் அடங்கிவிட்டது. அவ்வளவுதான் வீடு. சுரங்கத்தில் நுரையீரல் கெட்டு இறந்த கணவரின் படம் சுவரில் இருந்தது. கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அதை எடுக்கட்டுமா என்று கேட்டோம். தலையசைத்தார். பிறகு எங்களை வெளியே கூட்டிவந்து, கதவுக்கு மேலே மங்கிப்போன எண்ணைக் காட்டினார்.

"இத்த நல்லா தெரியற மாதிரி எடு தம்பி. வூட்டுப் பட்டாவுக்கு மனு எழுதி வெச்சிக்கிறேன், கூட சேர்த்துத் தரணும்."

வெயில் எதிரில் இருந்தது. நான்கு முறை எடுத்த பிறகே எண் தெளிவாக விழுந்தது. இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தோம்.