மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கலாமா?

போன வாரம் ஒரு ஆங்கிலப் படம் பார்த்தேன். கொடுத்த கடன் எப்போது திரும்பி வரும் என்று ஒருவன் கேட்கிறான். 'டோன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்' என்கிறான் இன்னொருவன். கீழே ஓடிய தமிழ் வரி: "மூச்சைப் பிடிக்காதே." சிரிச்சுட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆங்கிலத்தில் மூச்சைப் பிடிப்பவன் காத்திருக்கிறான். அவனிடம் 'பிடிக்காதே' என்றால், அது இப்போதைக்கு நடக்காது, வீணாக நம்பாதே என்று பொருள். தமிழில் மூச்சைப் பிடிப்பவன் வேலை செய்கிறான். மூட்டை தூக்குவான், கிணற்றில் முங்குவான், கபடியில் பாடிப் போவான். ஏடாகூடமாகத் தூக்கினால் மூச்சுப்பிடிப்பு வரும், ரெண்டு நாளைக்குத் திரும்ப முடியாது. வீண் காத்திருப்பைச் சொல்ல நம்மிடம் இருப்பவை பறவைகள். இலவு காத்த கிளி ஒன்று, கடல் வற்றும் என்று காத்து நின்ற கொக்கு இன்னொன்று.

எங்கள் மாங்காடு, பூந்தமல்லிப் பக்கம் மூச்சுக்கே வேறொரு சொல் உண்டு: தம். 'ஒரே தம்முல ஓடியாந்தேன்', 'தம் கட்டி இழு', 'தம் இருந்தா வா'. சிகரெட்டும் தம்தான். பள்ளிக்கூடத்தில் கட்டுரையில் 'தம் கட்டினேன்' என்று எழுதி, 'ரவுடி பாஷை' என்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த ரவுடி பாஷையின் பூர்வீகம் பாரசீகம். அங்கே 'தம்' என்றால் மூச்சு. உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. பிரியாணிக்குத் தம் போடுவதும் இதே சொல்தான். மூடியை மாவால் அடைத்து, மேலே கங்கு அள்ளிப் போட்டு, அண்டாவை மூச்சு விடாமல் வைப்பது. (தம்பிடிக் காசுக்கும் இதற்கும் உறவில்லை. அது 'தாம்' என்ற செப்புக்காசு வழி வந்தது.)

பாரசீகம் இந்தப் பக்கம் அந்நியமும் இல்லை. 1640-களில் கோல்கொண்டாப் படை இந்தச் சீமையைப் பிடித்தது. பூந்தமல்லி அவர்களுடைய ஆட்சி மையங்களில் ஒன்று. 1680 வாக்கில் அங்கே அதிகாரியாக இருந்த லிங்கப்பா, சென்னைக் கோட்டை வெள்ளைக்காரர்களைப் படாதபாடு படுத்தியவர். 1687-இல் கோல்கொண்டா முகலாயர் கையில் விழுந்தது, பிறகு ஆற்காட்டு நவாபுகள். சர்க்கார் எழுத்துக்குப் பாரசீகம், சிப்பாய்க்கும் சமையல்காரருக்கும் உருது. வசூல், பாக்கி, ஜமாபந்தி, தாசில்தார் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அவை கச்சேரியில் உட்கார்ந்ததால் மரியாதையான சொற்கள். தம் தெருவில் நின்றுவிட்டது. என் வாத்தியார் 'வசூல்' என்று எழுதினால் அதற்குச் சிவப்பு மை கிடையாது!

சரி, மூச்சடக்கிக் காத்திருப்பது என்பதே நமக்குத் தெரியாதா? மாங்காட்டுத் தலபுராணத்தைக் கேளுங்கள். ஈசனை அடைய அம்பாள் இங்கே ஐந்து அக்னி நடுவில், ஊசிமுனையில், இடது கால் கட்டைவிரலை ஊன்றித் தபசு நிற்கிறாள். தபசு என்றாலே மூச்சடக்கம்தானே நம் மனசில் வருகிறது? ஈசனும் மாங்காட்டுக்கு வருகிறார். ஆனால் வந்தது கண்ணிழந்த சுக்கிரனுக்குக் காட்சி தர. அதுதான் வெள்ளீசுவரர் கோயில். அம்பாளைக் காஞ்சிக்குப் போய்த் தபசைத் தொடரச் சொல்லிவிட்டார். அந்த ஆங்கிலச் சொலவடையை இதைவிடச் சரியாக யாரும் விளக்கிவிட முடியாது.

அவள் நெருப்பை அணைக்காமலே கிளம்பிவிட்டாள். ஊர் வெந்தது. சூடு தணிக்க ஆதிசங்கரர் அர்த்தமேரு ஸ்ரீசக்கரம் வைத்தார் என்பது ஐதீகம். அது மூலிகையால் ஆனது என்பதால் இன்றைக்கும் அதற்கு அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனை மட்டும்தான்.