வால்வை மாற்றிய பிறகு: பட்டாசுத் தொழிலாளரும் மிட்ரல் சுருக்கமும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் மூச்சு வாங்குகிறது என்றால், கேட்பவர் மனம் முதலில் அலுமினியப் பொடிக்கும் கந்தகத்துக்குமே போகும். அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே மூச்சிரைப்பு, சிறுவயதில் வந்துபோன தொண்டைப் புண்ணின் எச்சமாகவும் இருக்கலாம். தூசி இளைப்பு என்று மாத்திரை வாங்கிப் போகிறவரின் இதயத்தில் மிட்ரல் வால்வு மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கலாம். இந்நோய்க்கு என்ன சிகிச்சை என்பதை அறுவை அரங்கின் வசதி மட்டும் முடிவு செய்யக் கூடாது, தொழிலாளியின் அன்றாட வாழ்வும் முடிவு செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக் குழந்தைகளின் தொண்டையைத் தாக்குகிறது; நெரிசலான வீடுகளில் எளிதில் பரவுகிறது. சிலருக்கு, கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் வால்வு இதழ்களையும் புண்ணாக்கி ஒட்டவைக்கிறது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய மிட்ரல் திறப்பு 1.5 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் அது கடுமையான சுருக்கம். இடது மேலறையில் இரத்தம் தேங்கி, அழுத்தம் நுரையீரலுக்குப் பின்னேறுகிறது. ஓட்டம் இரு மடங்கானால் வால்வின் இருபக்க அழுத்த வேறுபாடு ஏறத்தாழ நான்கு மடங்காகும். உட்கார்ந்து சரம் பின்னும்போது தெரியாத நோய், தண்ணீர்க் குடம் தூக்கும்போது தெரிவது இதனால்தான். கர்ப்பத்தில் இரத்த அளவு 40 விழுக்காடு வரை, சிலருக்கு அதற்கு மேலும் கூடுகிறது. நாடி விரைவதால் கீழறை நிரம்பும் நேரமும் குறைகிறது. முதல் கர்ப்பத்தில்தான் பலருக்கு நோய் வெளிப்படுகிறது. மேலறை விரிந்து துடிப்பு ஒழுங்கிழந்தால் உள்ளே இரத்தம் கட்டியாக உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதமும் வரும்.

இத்தகைய நோய்களுக்கான அறுவைக்குத் தமிழகத்தில் பழைய மரபு ஒன்று உண்டு. 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த ரீவ் பெட்ஸ் அங்கே மார்பு அறுவைத் துறையை நிறுவினார். 1984இல் ஜப்பானியர் கான்ஜி இனோவே வெளியிட்ட பலூன் முறை, தொடைச் சிரை வழியே சென்று ஒட்டிய இதழ்களைப் பிரிக்கிறது. மார்பைத் திறக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான சித்ரா என்னும் இயந்திர வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. விலை குறைந்த இந்திய வால்வு எத்தனையோ ஏழைகளுக்கு உயிர் தந்தது.

ஆனால் இயந்திர வால்வு பொருத்தியவர் ஆயுள் முழுதும் இரத்தம் உறையாமைக்கான வார்ஃபாரின் போன்ற மாத்திரை சாப்பிட வேண்டும், இரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ஐஎன்ஆர் அளவு குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி, கூடினால் இரத்தக்கசிவு. புதிய மாத்திரைகளும் கைகொடுக்கவில்லை: இவ்வால்வுகளில் டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வில் கட்டியும் இரத்தக்கசிவும் கூடியதை 2013இல் அறிந்தோம். வெடிவிபத்து நேரக்கூடிய இடத்தில் வேலை செய்பவருக்கு இரத்தக்கசிவு வெறும் பக்கவிளைவு அல்ல. வார்ஃபாரின் கருவையும் பாதிக்கக்கூடியது. இளையவர்க்கு இயந்திர வால்வே நீடிக்கும், விலங்குத் திசு வால்வு விரைவில் தேய்ந்து மறு அறுவை கேட்கும் என்பது அறுவை நிபுணர்களின் மறுப்பு. உண்மைதான். அதனால்தான், மேலறையில் கட்டியோ வால்வு வழியே கடுமையான பின்னொழுக்கோ இல்லாத, இதழ்கள் இன்னும் இளகியிருக்கும் நோயாளியைப் பலூனுக்குரிய கட்டத்திலேயே கண்டுபிடிப்பது இங்கே முதன்மை பெறுகிறது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைச் செலவை ஏற்கிறது. பரிசோதனைக்காக மதுரை போய்வரும் நாளின் கூலியை யாரும் தருவதில்லை. 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூச்சு வாங்கும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இதய எக்கோ பரிசோதனை, சிவகாசியிலேயே ஐஎன்ஆர் பரிசோதனை என்ற இரண்டும் எட்டாத கனவுகளல்ல. வால்வு பழுதானவருக்கு 21 நாளைக்கு ஒருமுறை பென்சாத்தீன் பெனிசிலின் ஊசி, பெரும்பாலும் 40 வயது வரை தேவை. தீபாவளிக்கு முந்தைய வேலை நெருக்கடியிலும் அது தவறாதிருக்க, ஆலைகளை ஒட்டிய ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலையிலும் அந்த ஊசி கிடைக்க வேண்டும்.