பறம்பிக்குளத்துத் தேக்கு எந்தத் திசையில் இறங்கியது? கொச்சி அரசின் மலைக்காடு: 1902–1970

மாதவ் காட்கிலும் ராமச்சந்திர குஹாவும் 1992இல் வெளியிட்ட ‘திஸ் ஃபிஷர்டு லேண்ட்’ நூலைத் தொடாமல் இந்தியக் காடுகளின் வரலாற்றை இன்று எழுத முடியாது. காலனி ஆட்சியே காட்டின் வாழ்வில் பெரும் திருப்புமுனை என்பது அந்நூலின் அடிப்படை வாதம். அதற்கு முன் காட்டுப் பொருள்கள் தொலைதூர வணிகத்துக்குப் போயிருந்தாலும் மிளகு, ஏலம், தந்தம் போன்ற எடை குறைந்த, விலை மிகுந்த சரக்குகளே போயின. அவற்றால் காடு அழியவில்லை. 1864இல் வனத்துறை அமைந்தது. 1878இல் வனச் சட்டம் வந்தது. ரயில் பாதைக்குச் சிலீப்பர் கட்டைகள் தேவைப்பட்டன. ஊராரின் காடு அரசின் மரக்கிடங்காயிற்று. சுருக்கமாகச் சொன்னால் அவர்கள் வரையும் கோடு இதுதான்.

இமயமலைச் சரிவுகளுக்கு இந்தக் கோடு பொருந்தும். குஹா முதலில் ஆழ்ந்து ஆராய்ந்ததும் அந்த நிலத்தைத்தான். ஆனால் திருப்பூணித்துறையில் அரண்மனை கொண்டிருந்த கொச்சி அரச குடும்பத்தின் ஆட்சிக்கு உட்பட்ட பறம்பிக்குளம் மலைக்காட்டுக்கு அதை அப்படியே நீட்டினால் மூன்று இடங்களில் அறுந்துபோகிறது.

முதல் இடம், காடு ஏன் அவ்வளவு காலம் நின்றது என்ற கேள்வி. கிராமச் சமூகங்களின் கட்டுப்பாடும், சாதிவாரியாகப் பிரிந்த இயற்கைப் பயன்பாடும், கோவில் காடுகளின் மீதிருந்த அச்சமும் மரங்களைக் காத்தன என்பது காட்கில் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்த விளக்கம். பறம்பிக்குளத்தில் அதற்கு ஆதரவாக எல்லோரும் காட்டுவது கன்னிமாரா தேக்கு. 6.5 மீட்டருக்கு மேல் சுற்றளவு கொண்ட இந்த மரத்துக்கு 450 ஆண்டுக்கு மேல் வயது மதிக்கிறார்கள். 1994–95இல் இந்திய அரசின் ‘மகாவிருட்ச புரஸ்கார்’ பெற்ற மரம் இது. கோடரி பட்டதும் அடிமரத்திலிருந்து இரத்தம் பீறிட்டது, அதனால் வெட்டாமல் விட்டார்கள் என்பது கதை. இந்தக் கதையை நான் மறுக்கவில்லை. ஆனால் கோடரி அந்த மரம்வரை வந்துவிட்டது என்பதையும் அதே கதைதான் சொல்கிறது. சுற்றிலும் நின்ற முதுதேக்குகள் போன பிறகு ஒன்று மட்டும் தெய்வமாக நிற்கிறது. நம்பிக்கை ஒரு மரத்தைக் காத்ததற்கு இது சான்று; காட்டைக் காத்ததற்குச் சான்றாகாது.

காட்டைக் காத்தது நிலத்தின் அமைப்பு என்பது என் வாதம். பறம்பிக்குளத்து நீர் அன்று மேற்கே சாலக்குடி ஆற்றில் சேர்ந்தது. யானைகள் இழுத்துவரும் தடிகளை ஆற்றில் தெப்பமாகக் கட்டி மிதக்கவிடுவதுதான் மலையாளக் கரையின் பழைய வழக்கம். இங்கோ பெரிங்ஙல்குத்தும் அதிரப்பிள்ளி அருவியும் குறுக்கே நின்றன; அவற்றில் விழும் தடி முழுசாகக் கீழே சேராது. தரைவழி கிழக்கே ஆனைமலை, பொள்ளாச்சி பக்கம் திறந்திருந்தது. ஆனால் அது சென்னை மாகாணத்து மண். மேற்கே ஆறும் கிழக்கே எல்லையும் அடைத்துக்கொண்ட காடு இது. மரங்களை அன்று நேரில் எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை. ஆகவே இந்த விளக்கத்துக்கு நேரடிச் சான்று மெலிவுதான். என்றாலும், அடைப்பு உடைந்த சில பத்தாண்டுகளுக்குள் காட்டின் முகமே மாறியதென்றால், அதுவரை காத்தது அடைப்புதான் என்று கொள்வதே முறை.

இரண்டாம் இடம், அந்த அடைப்பை உடைத்தவர் யார் என்பது. 1895 முதல் 1914 வரை ஆண்ட ராஜரிஷி ராமவர்மா காலத்தில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 1902இல் ஷொர்ணூர்–எர்ணாகுளம் ரயில் பாதை திறக்கப்பட்டது. அதற்குப் பணம் திரட்ட, பூர்ணத்ரயீசர் கோவில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை மகாராஜா விற்றார் என்பது திருப்பூணித்துறையில் இன்றும் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. 1905இல் கொச்சி வனச் சட்டம் வந்தது. 1907இல் சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம்வரை 49.5 மைல் நீளக் காட்டு டிராம்வே ஓடத் தொடங்கியது. சரிவான இடங்களில் எஞ்சின் ஏறாது. அங்கே கம்பிவடம் பூட்டி, தடி ஏற்றிய வண்டிகள் தம் பாரத்தால் கீழே இறங்கும்போதே காலி வண்டிகளை மேலே இழுக்கும்படி அமைத்தார்கள். ஆறு செய்ய முடியாததைக் கம்பிவடம் செய்தது. தேக்கும் ஈட்டியும் சாலக்குடிக்கு இறங்கி, அங்கிருந்து ரயிலில் துறைமுகம் சேர்ந்தன.

காட்கில்–குஹா தரப்பில் இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. ஆங்கிலேயருடன் செய்த 1809 உடன்படிக்கைக்குப் பிறகு கொச்சி தன்னுரிமை கொண்ட நாடாக இல்லை. அவர்களின் அதிகாரியான ரெசிடென்ட் கண்காணித்தார். ஆண்டுதோறும் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது 2 லட்சம் ரூபாய். வனச் சட்டத்தின் வார்ப்பும் ஆங்கிலேயருடையது. எனவே ராஜாவின் கையில் இருந்ததும் காலனியின் கோடரியே என்று அவர்கள் சொல்லலாம். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிராம்வேயின் தளவாடங்கள் பெர்லினைச் சேர்ந்த ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் நிறுவனத்திலிருந்து வந்தன. பாதை ஓடியதும் கிழக்கே மாகாணத்தை நோக்கியல்ல. மேற்கே கொச்சியின் சொந்த ரயிலை நோக்கி. ஒரு கொள்முதலைக் கொண்டு ஓர் அரசின் சுதந்திரத்தை நிறுவ முடியாது. ஆனாலும் திசை பேசுகிறது. கிழக்கே மலிவான சரிவு இருக்க, அருவியைச் சுற்றி மேற்கே பாதை போட்டது கொச்சிக் கருவூலத்தின் கணக்கு. தன் மரம் பிறர் நாட்டின் வழியே போகக்கூடாது என்ற உறுதியை அதில் காண்கிறேன்.

கிழக்குப் பக்கத்தோடு ஒப்பிட ஒரு கல்வெட்டு உதவுகிறது. எல்லைக்கு அப்பால் டாப்ஸ்லிப்பில் வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை இருக்கிறது. அவர் இறந்தது 1933இல். நினைவுச் சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார் என்ற பொருளில் அதில் ஓர் இலத்தீன் வாசகம் உண்டு. இலண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறை வாசகமும் அதுவே. அங்கே சுற்றிப் பார்ப்பவர் காண்பது ஒருவர் திட்டமிட்ட கட்டடம். அதே வாசகத்தைத் தேக்குக்காட்டின் நடுவில் பொறிக்கும்போது காடும் ஒருவர் கட்டிய பொருளாகிவிடுகிறது. வுட் நடக்கும்போது கைத்தடியால் குழி போட்டு விதை இட்டார் என்ற கதையும் இதனோடு சேர்ந்தே வழங்குகிறது. தேக்கு விதையின் இயல்பு தெரிந்தவர்கள் இதை முழுக்க ஏற்கமாட்டார்கள். அதன் ஓடு கடினமானது. பதப்படுத்தாமல் இட்டால் பெரும்பாலும் முளைக்காது. 1840களில் நிலம்பூரில் மலபார் கலெக்டர் கானலியின் முயற்சிகள் தடுமாறி, வன அதிகாரி சாத்து மேனன் கைக்கு வந்த பிறகே கன்றுகள் பிடித்தன. நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, தீத்தடுப்பு எல்லாம் கூலியாட்களின் வேலை. வுட்டின் பங்கைக் குறைக்கவில்லை. வெட்டிய அடிமரம் மீண்டும் தளிர்க்கும்படி விட்டு வெட்டும் முறையை அங்கே நிலைநிறுத்தியவர் அவர். ஆனால் அந்த வாசகத்தில் இம்மலையின் பழங்குடிகளான காடரும் மலசரும் இல்லை, மரம் இழுத்த யானைகளும் இல்லை.

கல்லறை கிழக்கே ஆங்கிலேயர் பக்கத்தில் இருக்கிறது. அங்கே காட்டுக்கு ஓர் ஆசிரியரைக் காட்டுகிறார்கள். மேற்கே கொச்சிப் பக்கத்தில் அப்படிப்பட்ட கல் இல்லாததால் அங்கே காடு தானாக இருந்தது, தானாகக் குறைந்தது என்ற எண்ணம் வளர்ந்துவிட்டது. காலனி ஆட்சியைத் திருப்புமுனையாக்கும் வரலாறு, தன்னை அறியாமலே, இந்தக் கல்லறையின் பார்வையைக் கடன் வாங்குகிறது: வெட்டியவரும் வெள்ளையர், வளர்த்தவரும் வெள்ளையர். மானிடவியலாளர் எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் 1909இல் காடரைப் பற்றி எழுதியதுகூட கொச்சி அரசின் ஆணைப்படிதான். காட்டின் மரத்தையும் மனிதரையும் ஒரே பத்தாண்டில் கணக்கெடுத்தது திருப்பூணித்துறை.

மூன்றாம் இடம், 1947க்குப் பிந்தைய காலம். டிராம்வே 1963இல் முற்றாக நின்றது. எந்த ஆண்டிலிருந்து அது பெயரளவுக்கு மட்டும் ஓடியது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. 1950களின் தொடக்கத்திலேயே அதற்கு முடிவு நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். டிராம்வே நின்ற காலத்தையொட்டி மலையில் அணைகள் எழுந்தன. 1970 மே 29இல் கையெழுத்தான பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியாகும் என்று வகுக்கப்பட்டது. பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகளின் நீர் சுரங்கம் வழியே கிழக்கே திரும்பிக் கோவை, திருப்பூர் வயல்களுக்குப் பாய்கிறது. மரம் கொச்சியின் கருவூலத்துக்காக மேற்கே இறங்கியது. தண்ணீர் தமிழ்நாட்டின் பாசனத்துக்காகக் கிழக்கே போகிறது. இரண்டு திருப்பங்களையும் முடிவு செய்தவர்கள் இந்நாட்டு அரசுகள். ரயில்வேயின் சிலீப்பர் கணக்கு இரண்டுக்கும் காரணமில்லை.

ஆகவே பறம்பிக்குளத்தின் திருப்புமுனையை 1864இலோ 1878இலோ வைக்காமல் 1902க்கும் 1907க்கும் இடையில் வைக்கலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு. இந்த ஐந்தாண்டு வரம்பு கொச்சிக்கு மட்டும் உரியது. திருவிதாங்கூரின் காடுகளுக்கு வேறு கணக்கு தேவை. இது வெறும் ஆண்டுத் தகராறு அன்று. 1973இல் சரணாலயமாகவும் 2010இல் புலிகள் காப்பகமாகவும் ஆன இந்த மலையில் காடர் இன்றும் வாழ்கிறார்கள். பக்கத்து வாழச்சாலில் 2014இல் காடர் குடியிருப்புகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. காடு பறிபோனதன் பொறுப்பை 1947இல் கப்பலேறிப் போனவர்கள் தலையில் மட்டும் ஏற்றினால், அதன் பலனைத் தொடர்ந்து அனுபவித்துவரும் அரசுகளிடம் காடர் கேட்கும் உரிமை சலுகையாகச் சுருங்கிவிடும். எடுத்தது யார் என்று சரியாக எழுதினால்தான் திருப்பித் தரவேண்டியவர் யார் என்பதும் தெளிவாகும்.