சமிக்ஞையைக் கண்டறிந்த கதை



உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினிகள் இன்று மாணவர்களின் கைக்கு எட்டிவிட்டன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாகி, 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை அவற்றுள் ஒன்று. அதன் இணைப்பு ஊசி ஒன்றில் மாணவன் ஒரு சுவிட்சைப் பொருத்துகிறான். அழுத்தினால் கணினி உணர்வதில்லை. சில வேளைகளில் அழுத்தாமலே அழுத்தியதாகக் காட்டுகிறது. உடனே மின்னழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாமா என்று அவனுக்குத் தோன்றுகிறது. இந்த எண்ணத்தின் விளைவை வரலாறு முன்பே காட்டியிருக்கிறது.

1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி இணைக்கப்பட்டது. விக்டோரியா அரசியாரின் 98 சொற்கள் கொண்ட செய்தியை அனுப்பவே ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. மறுமுனையில் சமிக்ஞை அவ்வளவு மங்கலாக இருந்தது. பொறுப்பில் இருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ், சுமார் 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே குறைபாடுகள் இருந்த அந்தக் கம்பி சில வாரங்களிலேயே செயலிழந்தது. வில்லியம் தாம்சன் வேறு வழி கண்டார். சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கீற்றைக் கொண்டு, மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் அறியும் கருவியை அமைத்தார். வலிமையைக் கூட்டுவதைவிட உணரும் திறனைச் செம்மைப்படுத்துவதே அறிவுடைமை என்பது அதனால் விளங்கிற்று.

அடுத்த படி 1934-இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. கணவாய் மீனின் நரம்புகளை ஆராய்ந்த ஆட்டோ ஷ்மிட் என்னும் மாணவர், அலைபாயும் சமிக்ஞையைத் தெளிவான 'உண்டு', 'இல்லை' என்று பிரித்துக் கூறும் மின்சுற்றை அமைத்தார். எடுத்துக்காட்டாக, 2 வோல்ட்டில் 'உண்டு' என்று சொன்ன சுற்று, அழுத்தம் 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை சொல்லை மாற்றாது. ஆகவே இடையில் ஏற்படும் சிறு நடுக்கங்கள் அதை ஏமாற்றுவதில்லை. இன்றைய ராஸ்பெரி பையின் உள்ளீட்டு ஊசிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு.

அப்படியிருந்தும் கணினி தடுமாறுவது ஏன்? சுவிட்ச் திறந்திருக்கும்போது ஊசி எதனுடனும் சேராமல் தனித்து நிற்கிறது. அருகிலுள்ள மின்கம்பியின் தாக்கமும், நம் விரல் நெருங்குவதும்கூட அதை மாற்றிவிடும். 10,000 ஓம் மின்தடை ஒன்றின் வழியாக அதைத் தரை இணைப்புடன் சேர்த்தால், அழுத்தாத நேரத்தில் 'இல்லை' என்பது உறுதியாகும்.

பிற காரணங்களும் உண்டு. வேறு கருவியிலிருந்து சமிக்ஞை வந்தால் இரண்டின் தரை இணைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊசி எண்களிலும் கவனம் தேவை. வரிசையில் 11-ஆவது ஊசி, நிரலில் 17 என்ற எண்ணைப் பெறுகிறது. ஒரே அழுத்தம் பலமுறை பதிவானால், சுவிட்சின் உலோகத் தகடுகள் துள்ளுகின்றன என்று பொருள். நிரலில் சில மில்லிவினாடி பொறுத்துப் படிக்கச் செய்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஊசிகள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். 5 வோல்ட் கொடுப்பது வைட்ஹவுஸ் சென்ற வழியே செல்வதாகும். முதலில் மின்னளவியால் அளந்து பாருங்கள். பிறகு கை வையுங்கள். நல்ல கணினியைப் பழுது என்று ஒதுக்க வேண்டியிராது. மாணவனின் ஊக்கமும் குன்றாது.