கண்டிக்கு வந்த பாஷா

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை வாங்கிலை காலை நீட்டிக்கொண்டு இருப்பேன். வலை திருத்துகிற கிழவர் ஒருவர் என்னைக் கண்டால் "கொமெ உன் பஷா!" என்று பகிடி பண்ணிக்கொண்டு போவார். பாஷா மாதிரிச் சொகுசாய் இருக்கிறாயாம். ஆறு நாளும் வீடு துடைக்கிறவனுக்கு ஏழாம் நாள் பட்டம்!

பாஷா என்பது துருக்கிப் பட்டம். பாரசீகப் 'பாதிஷா' தேய்ந்து வந்தது என்பர் சிலர். துருக்கியில் தலையைக் குறிக்கும் 'பாஷ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். தளபதிகளுக்கும் ஆளுநர்களுக்கும் சுல்தான் கொடுப்பார். பெயருக்குப் பின்னால் வரும். இதற்கு ஒருபடி கீழே 'பே'.

இந்தக் கரைச் சனத்துக்கு ஒருகாலம் பாஷா என்றால் நடுக்கம். அதிலும் ஒருவர் இவையளின்ரை பிள்ளைதான். மெசினாவில் இருந்த சிக்காலா குடும்பத்துப் பெடியன், 1561 அளவில் கடலில் பிடிபட்டு, பிறகு சினான் பாஷா ஆனார். 1598இல் கப்பற்படையோடு வந்து தாயைப் பார்க்க வேணும் என்று கேட்டனுப்பினார். தாயும் போய்ச் சந்தித்தாராம்.

எங்கட நாட்டுக்கும் ஒரு பாஷா வந்தவர். எகிப்தில் ஒரு கமக்காரக் கிராமத்தில் பிறந்த அகமது ஒராபி, படையில் கேணலாகி, 1882இல் யுத்த அமைச்சராகிப் பாஷாப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் தெல் எல் கெபீரில் ஆங்கிலேயர் அவரைத் தோற்கடித்தார்கள். மரண தண்டனை நாடுகடத்தலாக மாறியது. பதவியும் பட்டமும் பறிபோயின. 1883 ஜனவரியில் இன்னும் ஆறு பேரோடு கொழும்பில் வந்து இறங்கினார். பிறகு கண்டியில் இருந்தார். 1901இல்தான் ஊர் திரும்பினார்.

சட்டப்படி அவர் பாஷா இல்லை. ஆனால் எங்கட சனம் அவரை ஒராபி பாஷா என்றே கூப்பிட்டது. துருக்கித் தொப்பியும் அவரைப் பார்த்துத்தான் முஸ்லிம் மக்களிடையே பரவியது என்பார்கள். அறிஞர் சித்திலெப்பையோடு அவரும் கைகொடுத்து 1892இல் மருதானையில் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய சாஹிராக் கல்லூரி. அதே சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவல். பேரைக் கவனித்தீர்களா? 'அசன் பே'! எங்கட முதல் நாவலின் தலைப்பிலேயே துருக்கிப் பட்டம் குந்தியிருக்குது. எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைப் பாடமாக்கினோம், ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை.

துருக்கி 1934இல் சட்டம் போட்டு இந்தப் பட்டங்களை ஒழித்தது. எகிப்து 1952 புரட்சியோடு கைவிட்டது. என்றாலும் துருக்கியர் பேச்சிலே படைத் தளபதியை இன்னமும் பாஷா என்பார்கள்.

என்ரை அறையில் இருக்கிறவர் ஊரில் படிப்பித்தவர். இஞ்சை ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். விசாப் பத்திரத்தில் வெறும் பேர்தான், அதுவும் தகப்பன் பேரும் பிள்ளை பேரும் இடம் மாறி. வருசப் பிறப்பன்று கைவிசேடம் வாங்க வந்த பெடியள் படியில் நின்று கூப்பிட்டது, "மாஸ்டர் நிக்கிறாரோ?" என்றுதான்.