கைவினை என்னும் சொல்லும் எல்லைப்புறக் கைத்துப்பாக்கிகளின் மறுஉருவாக்கமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் புழங்கிய சுழல் துப்பாக்கிகள், அதாவது குண்டு அடைக்கும் அறைகளைக் கொண்ட உருளை ஒவ்வொரு முறையும் சுழன்று குழலுக்கு நேரே வந்து நிற்கும் கைத்துப்பாக்கிகள், இன்று பழைய வடிவிலேயே மீண்டும் செய்யப்பட்டுக் ‘கைவினைப் பொருள்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. மூலப் பொருளின் வரலாற்றோடு இச்சொல் எளிதில் பொருந்துவதில்லை. சாமுவேல் கோல்ட் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் 1855-இல் திறந்த தொழிற்சாலை இயந்திர உற்பத்திக்குப் பேர்பெற்ற இடமாகும்; அவருடைய 1851 நேவி மாதிரி மட்டும் ஹார்ட்ஃபோர்டில் ஏறத்தாழ 2,15,000, லண்டன் கிளையில் ஏறத்தாழ 42,000 என்ற அளவில் வெளிவந்தது. இயந்திரத்தில் பிறந்த ஒன்றன் நகலைக் கைவினை என்பது எப்பொருளில் தகும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

விடையின் ஒரு பகுதி மூலத் துப்பாக்கிகளின் உடலிலேயே உள்ளது. நேவி மாதிரியின் குழல், சட்டகம், விசைக் காப்பு, உருளை ஆகியவற்றில் ஒரே தொடர் எண் தனித்தனியே குத்தப்பட்டிருக்கும். உறுப்புகள் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பொருத்தத்தக்கவையாக வெட்டப்பட்டிருந்தால் இத்தனை இடங்களில் எண் குத்த வேண்டிய தேவையே எழுந்திராது. இயந்திரம் வெட்டித் தந்ததை அரத்தால் தேய்த்து ஒன்றோடொன்று இணங்கச் செய்த கைகள் இருந்தமையால்தான் அவ்வாறு இணங்கிய உறுப்புகள் பிரியாமல் காக்கப்பட்டன. தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் டேவிட் ஹவுன்ஷெல் 1984-இல் வெளியிட்ட நூலும் கோல்ட்டின் உற்பத்தி முழு மாற்றுத்தன்மையை எட்டவில்லை என்றே காட்டுகிறது. இதற்கு நேர்மாறாக, வாங்குவோர் கைச்செதுக்கு என்று கருதி வியக்கும் உருளைக் காட்சி, அதாவது 1843 மே 16 அன்று டெக்சஸ் கப்பற்படைக்கும் மெக்சிகோவுக்கும் இடையே காம்பேச்சே அருகில் நடந்த போரின் சித்திரம், செதுக்குநர் ஆர்ம்ஸ்பி ஒருமுறை உருவாக்கிய அச்சைக் கொண்டு ஒவ்வோர் உருளையிலும் உருட்டி அழுத்தப்பட்டதாகும். கண்ணுக்குக் கலையாகத் தெரிவது இயந்திரத்தின் வேலை. கண்ணுக்கே தெரியாத பொருத்தம் கையின் வேலை.

மறுஉருவாக்கத் தொழில் வேர்கொண்டது இத்தாலியில், பிரெசியா மாவட்டத்தின் துப்பாக்கித் தொழிலூரான கார்தோனே வல் திரோம்பியாவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் ஆகும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நிறைவு 1961-இல் தொடங்கவிருந்த நிலையில், 1959-இல் அல்டோ உபெர்ட்டி நிறுவிய பட்டறை இந்த நேவி மாதிரியைக் கொண்டே தொழிலைத் தொடங்கியது. தோட்டாவுக்குப் பதிலாகக் கருமருந்தும் ஈயக்குண்டும் தனித்தனியே அடைக்கப்படும் நகல்களுக்கு அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலக்கு அளித்தமையும் இத்தொழிலுக்குத் துணையாயிற்று.

இந்நகல்களின் தரம் எங்கே சோதிக்கப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நேவி மாதிரிக்கு உருளைக்கு மேலாகச் செல்லும் மேற்சட்டம் இல்லை. சட்டகத்திலிருந்து நீளும் அச்சுத்தண்டு குழலடியில் உள்ள துளைக்குள் நுழைய, குறுக்கே செருகும் ஆப்பு ஒன்றே இரண்டையும் பிணைக்கிறது. மூலத்தில் தண்டின் முனை துளையின் அடியைத் தொட்டு நிற்கும். நகல்கள் பலவற்றில் தண்டு சற்றுக் குறுகியிருப்பதால், ஆப்பை அடிக்க அடிக்கக் குழல் உருளையை நெருங்கி, உருளை சுழலாமல் இறுகிவிடுகிறது. துளையடியில் மெல்லிய எஃகு வில்லையை இட்டு, அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்து, மீண்டும் மீண்டும் பூட்டிப் பார்த்து இக்குறையை நீக்குவோர் ஹார்ட்ஃபோர்டுத் தொழிலாளர் செய்த அதே வேலையையே செய்கின்றனர். கைவினை என்ற பெயர் இவ்வேலைக்கே உரியது. பழமைத் தோற்றத்துக்காக அமிலத்தில் நனைத்து மங்கலாக்கும் வேலைக்கு உரியதன்று.

இத்தாலியச் சட்டப்படி ஒவ்வொரு நகலிலும் சோதனைச் சாலையின் முத்திரையும் ஆண்டுக் குறியீடும் இடம்பெறுகின்றன. 1847-இல் ஏறத்தாழ 1,100 மட்டுமே செய்யப்பட்ட கோல்ட்டின் வாக்கர் மாதிரிகளுள் ஒன்று 2018-இல் 18 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிருக்க, அம்முத்திரைகளைத் தேய்த்தழித்து நகலை மூலமாக்கும் ஆசை எவ்வளவு வலியது என்பதை விளக்க வேண்டியதில்லை. செய்தவரின் அடையாளத்தைத் தாங்கி நிற்பதே நேர்மையான மறுஉருவாக்கத்தின் முதல் தகுதி.

அடையாளம் பற்றிய இக்கேள்வி இன்னும் ஆழமாகச் செல்ல வேண்டிய இடமும் உண்டு. நகலெடுத்தல் இருபதாம் நூற்றாண்டில் தொடங்கியதன்று. உள்நாட்டுப் போரின்போதே ஜார்ஜியா மாநிலத்துக் கிரிஸ்வோல்டுவில்லில் கோல்ட் நேவியை ஒட்டி ஏறத்தாழ 3,600 துப்பாக்கிகள், எஃகுப் பற்றாக்குறையால் பித்தளைச் சட்டகத்தோடு, தென் மாநிலக் கூட்டமைப்புக்காகச் செய்யப்பட்டன. 1864 நவம்பரில் வட மாநிலத் தளபதி ஷெர்மனின் படை அத்தொழிற்சாலையை எரித்தது. அங்கு வேலை செய்த 24 பேரில் 22 பேர் அடிமைகள். இன்று பித்தளைச் சட்டக நகல்கள் அழகுக்காகவும் மலிவுக்காகவும் விரும்பப்படுகின்றன. உலோகமும் அளவும் விளக்கப்படும் அளவுக்கு அந்த 22 பேர் நினைக்கப்படுவதில்லை. கைவினை என்ற சொல்லை விற்பனைக்குப் பயன்படுத்துவோர், யாருடைய கை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கிரிஸ்வோல்டுவில் துப்பாக்கியின் நகலோடு தரப்படும் குறிப்பேட்டில் அவர்களைப் பற்றிய ஒரு வரியேனும் இடம்பெற வேண்டும்.